ஒரு சாமக் குடிநீரும் ஆறு மாத மணப்பாகும்

கோடைத் தாகத்துக்கு வீட்டிலேயே மூலிகைப் பாகு

ஓசூரின் குளிர்ந்த மேட்டுநிலம் கிருஷ்ணகிரியை நோக்கி இறங்க இறங்க, வெயிலின் கடுமை ஏறிக்கொண்டே வரும். அந்த வழியில், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கும் ஊர் குருபரப்பள்ளி. மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற இந்தச் சீமையில் இன்று சிப்காட் தொழிற்பேட்டையும் எழுந்து நிற்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீதியில் கலந்து ஒலிக்கும் எல்லைப் பகுதி இது.

பங்குனி பிறந்தால், ஓசூர் மலைமேல் எழுந்தருளியிருக்கும் மரகதாம்பிகை உடனுறை சந்திரசூடேஸ்வரரின் தேர்த் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரளும். அந்தப் பருவத்தை ஒட்டியே ஸ்ரீராமநவமியும் வரும். வெயில் ஏறும் அந்நாள்களில் பக்தர்களின் கைக்கு முதலில் வருபவை பானகமும் நீர்மோரும். எல்லைக்கு அப்பால் கன்னட வீடுகளில் பானகத்தோடு கோசம்பரியும் சேர்ந்துகொள்ளும். பெங்களூரு சாமராஜப்பேட்டையில் 1939ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீராமசேவா மண்டலியின் ராமநவமி இசைவிழா இன்றும் நடைபெற்று வருகிறது. மொழி எதுவானாலும் ராமனின் பிறந்தநாளுக்கு நிவேதனம் ஒன்றுதான்: வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைந்த குளிர்ந்த நீர்.

ஆனால் பானகம் கரைத்த அன்றே பருகி முடிக்க வேண்டியது. மறுநாள் புளித்துப்போகும். கோடையோ மூன்று மாதம் நீள்கிறது. அக்னி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி மே 28 வரை வாட்டுகிறது. நாள்தோறும் வேரை இடித்து, ஊறவைத்து, வடிகட்ட முதியவர்களின் கைகளுக்கு வலு போதாது. இந்தச் சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட தீர்வின் பெயர் மணப்பாகு.

தாகம் தீர்ப்பதும் ஒரு வழிபாடு

தண்ணீர் கொடுப்பதை நம் மரபு சிறிய உபகாரமாக எண்ணியதில்லை. திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் அமைத்து, அதற்குத் தம் பெயரைச் சூட்டாமல் தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டினார். அவ்வழியே வந்த அப்பர் பெருமான் அந்தப் பெயரைக் கண்டே அடிகளின் இல்லம் தேடிச் சென்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. நாயன்மார் அறுபத்துமூவரில் ஒருவரை நாம் இன்றும் நினைப்பது அவர் நிறுவிய தண்ணீர்ப்பந்தலோடு சேர்த்துத்தான்.

சீர்காழிக்கு அருகிலுள்ள திருக்குருகாவூரின் வரலாறு இன்னும் ஒரு படி மேலானது. பசியாலும் தாகத்தாலும் களைத்து வந்த சுந்தரருக்காகச் சிவபெருமானே வேதியர் வடிவில் பந்தல் அமைத்துக் காத்திருந்து, பொதிசோறும் தண்ணீரும் அளித்தார் என்பது அத்தலத்தின் பெருமை. இறைவனே பந்தல்காரராக நின்ற மண் இது.

ஆந்திரத்தின் மங்களகிரியில் மலைமேல் குடிகொண்ட நரசிம்மருக்குப் 'பானகால' நரசிம்மர் என்றே திருநாமம். அடியார்கள் கொண்டுவரும் பானகத்தை அர்ச்சகர் சுவாமியின் திருவாயில் வார்ப்பார். பாதியை ஏற்று மீதியைப் பிரசாதமாகத் திருப்பித் தருகிறார் என்பது ஐதிகம். உக்கிர மூர்த்தியைக் குளிர்விப்பது பானகம் என்னும் நம்பிக்கை தமிழகத்து நரசிம்மர் தலங்களிலும் உண்டு. அக்னி நட்சத்திர நாள்களில் சிவாலயங்களில் லிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் கட்டி, சொட்டுச் சொட்டாக நீர் வார்க்கும்போது வெட்டிவேர் முதலிய வாசனைப் பொருள்களை அதில் சேர்ப்பதும் இதே எண்ணத்தால்தான்.

நீர் எப்போது பாகாகிறது?

மூலிகையின் சாரத்தை நீரில் இறக்குவதற்கு ஆயுர்வேதம் மூன்று வழிகளைச் சொல்கிறது. சார்ங்கதர ஸம்ஹிதை இவற்றுக்கு அளவும் வகுத்திருக்கிறது. ஒரு பங்கு மூலிகையை ஆறு பங்கு குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைப்பது ஹிமம். ஒரு பங்குக்கு நான்கு பங்கு கொதிநீர் ஊற்றி, ஆறியதும் வடிப்பது பாண்டம். இன்று நாம் தேநீர் போடும் முறை ஏறத்தாழ இதுதான். பதினாறு பங்கு நீர் விட்டு எட்டில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சுவது கஷாயம்.

எந்த மூலிகைக்கு எந்த வழி என்பதில்தான் பக்குவம் அடங்கியிருக்கிறது. நன்னாரி, வெட்டிவேர் போன்றவற்றின் சிறப்பு மணத்தில் உள்ளது. நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். வீடு மணக்குமே தவிர, குவளை மணக்காது. ஆகவே இவற்றுக்கு ஊறலே உகந்தது. துளசி, புதினா, செம்பருத்தி போன்ற மென்மையான இலைகளுக்கும் பூக்களுக்கும் பாண்டம் பொருந்தும். சுக்கு, அதிமதுரம் போன்ற கட்டியான சரக்குகளை மட்டுமே நின்று கொதிக்கவிட வேண்டும்.

சித்த மருத்துவம் அக மருந்துகளை முப்பத்திரண்டாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆயுளைக் குறித்திருக்கிறது. குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். மணப்பாகின் ஆயுளோ ஆறு மாதம். அதே வேர், அதே நீர்; இடையில் சேர்வது சர்க்கரை மட்டுமே. கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளர நீர் வேண்டும். போதிய அளவு சர்க்கரை கரைந்த பாகில் அந்த நீரைச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்வதால் அவற்றால் பிழைக்க முடிவதில்லை.

'போதிய அளவு' என்பதே இங்கு முக்கியம். இந்திய மருந்தியல் நூல் 1,000 கிராம் பாகில் 667 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும் என வகுத்துள்ளது. அதாவது ஒரு பங்கு நீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை. இனிப்பைக் குறைக்கலாம் என்று எண்ணிப் பாகில் சர்க்கரையைப் பாதியாக்கினால், சில நாள்களிலேயே பூஞ்சை படரும். இனிப்பைக் குறைக்க வேண்டிய இடம் குவளை, புட்டி அன்று.

நன்னாரி மணப்பாகு: செய்முறை

தேவையானவை: நன்னாரி வேர் 100 கிராம், நல்ல தண்ணீர் 600 மில்லி, சர்க்கரை 1 கிலோ, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி.

வேரை மண் போகப் பலமுறை அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். பின்னர் அம்மியிலோ உரலிலோ இலேசாகத் தட்டினால் மேல்பட்டை பிரியும். மணமும் குணமும் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. நடுவிலுள்ள வெண்ணிறக் கட்டையை நீக்கிவிடலாம். பட்டையை ஒன்றிரண்டாக இடித்து, ஒரு பாத்திரத்தில் இட்டு, கொதித்து இறக்கிய நீரை அதன்மேல் ஊற்றி, இறுக மூடி இரவு முழுதும் வைக்க வேண்டும்.

காலையில் வெள்ளைத் துணியில் வடிகட்டினால் ஏறத்தாழ 500 மில்லி ஊறல் நீர் கிடைக்கும். அதில் சர்க்கரையைச் சேர்த்துச் சிறு தீயில் கிளற வேண்டும். சர்க்கரை முழுதும் கரைந்து ஒரு கொதி வந்ததும், மேலே திரளும் அழுக்கை எடுத்துவிட்டு இறக்கிவிடலாம். விரல்களுக்கிடையே பிசுபிசுப்பாக ஒட்டினால் போதும். கம்பிப் பதம் வரக் கூடாது. கம்பிப் பதம் வந்தால் புட்டிக்குள் கற்கண்டு கட்டிவிடும். இறக்கிய பின் சேர்க்கும் எலுமிச்சைச் சாறும் அவ்வாறு கட்டிப்போகாமல் காக்கும்.

நன்கு ஆறியதும், வெந்நீரில் கழுவி வெயிலில் உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். ஈரக் கரண்டி இடக் கூடாது. சாஸ்திரம் ஆறு மாதம் சொன்னாலும், வீட்டுப் பக்குவத்தில் இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவதே நல்லது. மேலே நுரை கட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ, ஆடை படிந்தாலோ முழுவதையும் கொட்டிவிட வேண்டும். மேலாக வழித்து எடுத்துவிட்டுப் பயன்படுத்தும் சிக்கனம் இங்கே ஆகாது.

வெள்ளைச் சர்க்கரையை விரும்பாதவர்கள் வெல்லத்தில் செய்யலாம். வெல்லத்தில் இயல்பாகவே ஈரமும் பிற பொருள்களும் இருப்பதால் அது விரைவில் நொதிக்கும். எனவே சிறிதளவே செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, பத்து நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

இவ்வாறு செய்த பாகின் நிறம் தேநீரைப் போன்ற பழுப்பு. கடைகளில் விற்கும் பாகுகள் சிலவற்றில் காணும் கருஞ்சிவப்பு, சேர்க்கப்பட்ட நிறமியால் வருவது. வீட்டுப் பாகு நிறத்தில் மங்கலாக இருப்பது குறையன்று.

நன்னாரியின் உறவுகள்

நன்னாரியை வடமொழியில் சாரிபா, அனந்தமூலம் என்பர். தெலுங்கில் சுகந்தி பாலா. குறுகிய இலையின் நடுவே வெண்ணிற வரி ஓடும் மெல்லிய கொடி இது. இதன் மணத்துக்குக் காரணமான பொருள், வெனிலாவின் மணப்பொருளோடு அணுக்களின் எண்ணிக்கையில் ஒத்து, அமைப்பில் மட்டும் வேறுபட்டது. மோரில் ஊறிய மாகாளிக் கிழங்கு ஊறுகாயின் வாசனையை அறிந்தவர்களுக்கு இந்த மணம் புதிதன்று. இரண்டின் மணப்பொருளும் ஒன்றே. கர்நாடக, ஆந்திரப் பகுதிகளில் மாகாளியிலிருந்தும் சர்பத் செய்கிறார்கள். கிழங்குக்காக வேரோடு தோண்டித் தோண்டியே மாகாளி காடுகளில் அருகிவருகிறது.

வெட்டிவேருக்கும் மேற்சொன்ன அளவே பொருந்தும். சல்லிவேர்களுக்கிடையே மண் ஒளிந்திருக்கும் என்பதால் நாலைந்து முறை அலச வேண்டும். இதற்குக் கொதிநீர் வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த நீரில் இரவு ஊறினால் போதும்.

துளசிப் பாகுக்கு ஒரு கைப்பிடி இலையைக் கொதித்து இறக்கிய நீரில் இட்டு, பத்து நிமிடம் மூடி வைத்து வடிக்க வேண்டும். துவாதசியன்றும் சூரியன் மறைந்த பிறகும் துளசி பறிப்பதில்லை என்பது வைஷ்ணவ ஆசாரம். முந்தைய நாளே பறித்து வைத்துக்கொள்ளலாம். இஞ்சித் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டால் சுவை கூடும்.

செம்பருத்தியில் ஐந்திதழ் கொண்ட சிவப்புப் பூவே ஏற்றது. காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கி, இதழ்களை மட்டும் கொதிநீரில் இட வேண்டும். நீர் முதலில் மங்கிய ஊதாவாக இருக்கும். எலுமிச்சைச் சாறு விழுந்த கணத்தில் அது பளிச்சென்று சிவக்கும். பேரக்குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்தால், அடுத்த முறை அவர்களே பூப்பறித்து வருவார்கள்.

பூக்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஓசூர்ப் பகுதி ரோஜா சாகுபடிக்குப் புகழ்பெற்றது. ஆனால் மாலைக்காகவும் அலங்காரத்துக்காகவும் விளையும் பூக்களுக்குப் பூச்சிமருந்து தெளிப்பது வழக்கம். அவற்றைப் பாகுக்குப் பயன்படுத்தக் கூடாது. மருந்தடிக்காமல் வீட்டுத் தோட்டத்தில் மலர்ந்த பன்னீர் ரோஜாவும் செம்பருத்தியுமே தகுந்தவை. மணத்துக்காகப் பச்சைக் கற்பூரம் சேர்ப்பவர்கள், உண்ணத் தகுந்த வகைதானா என்று உறுதி செய்துகொண்டு, கடுகளவுக்கு மேல் சேர்க்கலாகாது. ஆரத்திக்கு ஏற்றும் கற்பூரம் உட்கொண்டால் நஞ்சு.

முதியவர்களின் குவளை

வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்குகிறது. உடலில் நீர் குறைந்திருந்தும் நா வறட்சி தெரியாது. நாளெல்லாம் பூஜையிலும் பாராயணத்திலும் அமர்ந்திருந்துவிட்டு, எழும்போது தலைசுற்றி விழும் பெரியவர்கள் எத்தனையோ பேர். ஆகையால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், காலை, முற்பகல், பிற்பகல் என நேரம் வகுத்து நீர் அருந்துவதே கோடைக்கான நியமம். வெறும் தண்ணீர் இறங்காதவர்களுக்கு நன்னாரியின் மணம் ஒரு தூண்டுகோல்.

ஆனால் சர்க்கரைக் கணக்கை மறக்கலாகாது. மேற்சொன்ன பாகில் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரையைக் கொண்டது. தேக்கரண்டிக் கணக்கில் ஐந்துக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் சேர்க்கை இனிப்பு 25 கிராமுக்குள் இருப்பது சிறந்தது. ஒரே குவளை சர்பத் அந்த அளவை நிரப்பிவிடும். எனவே நல்ல உடல்நிலை கொண்டவர்களும் ஒரு மேசைக்கரண்டிப் பாகைப் பெரிய குவளை நீரில் கரைத்து, எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து அருந்துவது நலம்.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாகு வேண்டாம். பாகாக்குவதற்கு முன் வடித்த ஊறல் நீரே அவர்களுக்குரியது. அது ஒரு சாமக் குடிநீர்தான். அன்றன்றைக்குச் செய்து அப்போதே பருக வேண்டும். பேத்தியோ மருமகளோ பாகு காய்ச்சும் நாளில், வடித்த நீரில் ஒரு குவளையைத் தாத்தாவுக்காக முதலில் எடுத்து வைத்துவிட்டுச் சர்க்கரை சேர்த்தால் இருவருக்கும் நிறைவு. இதயம், சிறுநீரகக் கோளாறுகளுக்காக நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்களும் எந்த மூலிகை நீரையும் வழக்கமாக்கிக்கொள்ளும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

வெயிலில் மயங்கியவருக்குச் சர்பத் மருந்தாகாது. நினைவு தடுமாறினால், உடல் அனலாய்க் கொதித்தால், வாயில் எதையும் ஊற்றாமல், நிழலில் கிடத்தி ஈரத்துணியால் உடலைக் குளிர்வித்தபடி 108ஐ அழைக்க வேண்டும்.

விரத நாள்களிலும் பெரியவர்கள் நீரை விலக்க வேண்டியதில்லை. விரதத்தைக் கெடுக்காத எட்டினை மகாபாரதத்தின் உத்யோக பர்வம் பட்டியலிடுகிறது. நீர், வேர், கனி, பால், ஹவிஸ், அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து என்பன அவை. நன்னாரி ஊறல் நீரில் அவற்றில் மூன்று அடங்கியிருக்கின்றன. எண்பதைக் கடந்தவர்க்கு ஏகாதசி உபவாசம் கட்டாயமில்லை என்பதும் பெரியோர் வகுத்த வழக்கே.

பந்தலுக்கு ஒரு புட்டி

மேற்சொன்ன அளவில் செய்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலாகப் பாகு கிடைக்கும். 200 மில்லிக் குவளைக்கு 30 மில்லி என்று வைத்தால், முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் தாகத்தை அது தீர்க்கும். ஐந்து வீடுகள் ஆளுக்கொரு புட்டி கொண்டுவந்தால் தேர் நாளில் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் வழங்கலாம். பானகம் கரைக்க விடியற்காலையில் எழுந்து வெல்லம் தட்ட முடியாத முதியவர்களும், முன்கூட்டியே பாகு காய்ச்சி வைத்துப் பந்தலில் பங்கேற்கலாம்.

பந்தல் நடத்துபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கரைக்கும் நீர் காய்ச்சி ஆறியதாகவோ சுத்திகரிக்கப்பட்டதாகவோ இருத்தல் அவசியம். மீன் முதலியவற்றைப் பதப்படுத்துவதற்கான பனிக்கட்டி குடிப்பதற்கு உகந்ததன்று. மண்பானையின் குளிர்ச்சியே போதும். எலுமிச்சை சேர்ந்த பானத்தை ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைத்தால் களிம்பேறி வயிற்றைக் கெடுக்கும். எவர்சில்வரும் மண்பானையும் பாதுகாப்பானவை.

குருபரப்பள்ளி போன்ற ஊர்களின் நெடுஞ்சாலையில் இன்று தேர் பார்க்க வருபவர்கள் மட்டும் நடப்பதில்லை. வேலைமுறை முடிந்து தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் இளைஞர்கள், தொலைதூர மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், சரக்கு வண்டி ஓட்டுநர்கள் என எல்லோரும் அதே வெயிலில்தான் நடக்கிறார்கள். அப்பூதியடிகளின் பந்தலில் ஊரும் பேரும் கேட்டு நீர் வார்க்கவில்லை.

வேர் வாங்கும்போது, ஈரம் உலராத இரண்டு துண்டுகளைத் தனியே எடுத்துத் தொட்டியில் நட்டு வைக்கலாம். வேர்த்துண்டிலிருந்தே நன்னாரி துளிர்க்கும். கொடி ஏறிப் பருத்தபின் தோண்டும்போது வேரில் ஒரு பகுதியை மண்ணிலேயே விட்டுவைத்தால், அது மீண்டும் தழைக்கும். காட்டில் அருகிவரும் மாகாளியின் நிலை நன்னாரிக்கும் வராதிருக்க, வீட்டுக்கு ஒரு கொடி போதும். துளசி மாடத்துக்கு நீர் வார்க்கும் கை, பக்கத்துத் தொட்டிக்கும் ஒரு செம்பு வார்க்கட்டும்.